சாய்ஸில் விடுவதும் சாய்ஸ் கொடுப்பதும்

பிளஸ் டூ இயற்பியல் வினாத்தாளில் 24-ஆம் கேள்விக்கும் 33-ஆம் கேள்விக்கும் தனி மரியாதை உண்டு. இரண்டு மதிப்பெண் பகுதியில் ஒன்பது கேள்விகள் இருக்கும், ஆறுக்கு விடை எழுதினால் போதும். ஆனால் அந்த ஆறில் 24 இருந்தே தீர வேண்டும். மூன்று மதிப்பெண் பகுதியில் 33-உம் அப்படியே. மற்றவற்றில் மூன்று மூன்றைக் கைகழுவலாம், இந்த இரண்டை மட்டும் தாண்டிப்போக வழியில்லை. வேதியியலிலும் இதே ஏற்பாடுதான்.

இந்தக் கட்டாயக் கேள்விகள் எதற்கு என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சிரிப்பார். நம் பிள்ளைகள் கேள்வியை மட்டும் விடுவதில்லை, பாடத்தையே விடுவார்கள். எந்தெந்தப் பாடத்தைத் திறக்காமலே கரை சேரலாம் என்று பரீட்சைக்கு இரண்டு மாதம் முன்பே கணக்குப் போட்டு முடித்திருப்பார்கள். “கடைசி ரெண்டு லெசன் சாய்ஸ்ல விட்டாச்சு” என்று ஒரு மாணவன் சொல்லும்போது அவன் குரலில் வருத்தம் இருக்காது. ஒரு நிர்வாகி பட்ஜெட்டை வெட்டிவிட்டு வந்த தோரணைதான் இருக்கும்.

ஆங்கிலத்தில் சாய்ஸ் என்றால் பலவற்றிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வது. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தின் வழியாக ஊருக்குள் வந்தபோது அது பலவற்றிலிருந்து சிலவற்றை விட்டுவிடுவதாக மாறிவிட்டது. கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது தூரத்துச் சொந்தத்தைச் சாய்ஸில் விடுகிறோம். வெள்ளிக்கிழமை வேலையில் பாதியைச் சாய்ஸில் விடுகிறோம். “உன் சாய்ஸ்” என்று ஒருவர் சொன்னால் இனிமேல் வருவதற்கெல்லாம் நீயே பொறுப்பு, என்னை இழுக்காதே என்று பொருள். அதன் உறவுக்காரச் சொல்லான ஆப்ஷனின் கதை இன்னும் வேடிக்கை. தமிழில் அது தனியாக வருவது அபூர்வம், பெரும்பாலும் ‘இல்லை’யின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும். “வேற ஆப்ஷன் இல்லைங்க.” கோயம்புத்தூரில் சொல்வதானால் அந்த ‘ங்க’ கட்டாயம்.

வேறு அர்த்தத்தில், எடுத்துக்கொள்ளும் அர்த்தத்தில், இந்தச் சொல் கோவை காந்திபுரத்தில் காதில் விழ வேண்டுமானால் பொறியியல் கவுன்சலிங் நடக்கும் நாட்களில் போக வேண்டும். அன்னூர், அவிநாசி, கோபி, சத்தி பக்கமிருந்து வரும் பேருந்துகள் கொண்டுவந்து சேர்க்கும் கூட்டத்தில், பிளாஸ்டிக் ஃபைலோடு ஓர் அப்பாவும் செல்போனைப் பார்த்துக்கொண்டே நடக்கும் ஒரு பெண்ணோ பையனோ இருப்பார்கள். கிராஸ்கட் ரோட்டிலும் நூறடி ரோட்டிலும் நுழையும் சந்துகளில் இருக்கும் பிரவுசிங் சென்டர்களுக்கு அது அறுவடைக் காலம். கண்ணாடிக் கதவில் கணினியில் அடித்த தாள் ஒட்டியிருக்கும்: சாய்ஸ் ஃபில்லிங் செய்து தரப்படும்.

செய்து தரப்படும் என்பதில்தான் கோளாறு முழுக்க இருக்கிறது.

பொறியியல் சேர்க்கை இப்படி ஒரு பட்டியல் எழுதும் வேலையாக மாறியது ஒரே நாளில் நடந்ததல்ல. 1984-இல் நுழைவுத் தேர்வு வந்தது. 1997-இல் அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வைத் தொடங்கியது. 2006-இல் இயற்றிய சட்டத்தின் வழியாக நுழைவுத் தேர்வு ஒழிந்து, பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோலானது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. கொங்கு நாட்டு வீடுகளில் ஜாதக நட்சத்திரத்துக்கு அடுத்தபடி விசாரிக்கப்படும் கட்-ஆஃப் என்ற எண் அதுதான். 2018 முதல் கலந்தாய்வு இணையத்துக்குப் போனது. அடுத்த ஆண்டிலிருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அதை நடத்துகிறது.

இணையத்துக்கு முன்னால் இருந்த முறையை இன்று பெற்றோராக இருக்கும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். நீலகிரி எக்ஸ்பிரஸிலோ சேரன் எக்ஸ்பிரஸிலோ இரவெல்லாம் உட்கார்ந்து சென்னை போய், கிண்டியில் பெரிய திரைக்கு முன்னால் காத்திருக்க வேண்டும். எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் ஓடும். முறை வந்ததும் அப்போது காலியாக இருப்பதில் ஒன்றைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அலைச்சல் பெரிது. ஆனால் ஒரு வசதி இருந்தது: இல்லாததைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. கண்ணுக்கு முன்னால் இருப்பதில் பிடித்ததைக் கைகாட்டினால் போதும்.

இணைய முறை அந்த அலைச்சலை ஒழித்தது, அதற்காக அரசை மனதாரப் பாராட்ட வேண்டும். அதோடு சேர்த்து வேறொரு பாரத்தை வீட்டுக்குள் இறக்கி வைத்தது. இப்போது எது காலியாக இருக்கும் என்று தெரியாமலே, நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளையும் அவற்றின் பாடப்பிரிவுகளையும் பார்த்து, முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், நாற்பதாம் விருப்பம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 2005 என்றால் தடாகம் ரோட்டில் இருக்கும் அரசுக் கல்லூரி ஜி.சி.டி., 2006 என்றால் பி.எஸ்.ஜி. டெக், 2007 என்றால் சி.ஐ.டி. என்று கோவைப் பிள்ளைகள் கல்லூரிக் குறியீட்டு எண்களைப் பேருந்துத் தட எண் போலச் சொல்வார்கள். எண் தெரிகிறது. எந்த எண்ணை எதற்கு மேலே வைப்பது என்பதுதான் சிக்கல். ஏனென்றால் பன்னிரண்டு வருடம் அவர்கள் பழகியது எதை விடலாம் என்ற கணக்கு மட்டுமே. பரீட்சைக்கும் தெரிவுக்கும் தமிழில் தேர்வு என்று ஒரே சொல் இருந்தும், முதலாவதுக்கு மட்டும்தான் பயிற்சி கொடுத்திருக்கிறோம்.

விடும் பழக்கம் பட்டியலுக்குள் எப்படி நுழைகிறது என்று பார்க்கலாம். ஒரு பேச்சுக்கு, அன்னூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி. ஜி.சி.டி.யில் ஒரு பாடப்பிரிவு அவளுக்கு ஆசை. போன வருடம் அது முடிந்த கட்-ஆஃபை விட அவளுக்கு அரை மதிப்பெண் குறைவு. அப்பா கேட்கிறார், “அதைய மேல போட்டா, கீழ இருக்கறதும் போயிருமுங்களா?” சென்டரில் இருக்கும் பையன் உதட்டைப் பிதுக்குகிறான். “ரிஸ்க்குங்க. கிடைக்கறத மொதல்ல போட்டுருவோம்.” நிச்சயம் கிடைக்கும் ஒரு தனியார் கல்லூரி முதல் வரிக்கு வருகிறது, ஜி.சி.டி. மூன்றாம் வரிக்கு இறங்குகிறது.

அந்த அப்பாவின் கேள்விக்கு ஒரே பதில்தான்: போகாது. விதி எளியது. ஒரு சுற்றில் இருக்கும் எல்லோரையும் கணினி தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கிறது. முறை வந்தவரின் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கிறது. முதல் வரியில் பொதுப் பிரிவிலோ அவருடைய இடஒதுக்கீட்டுப் பிரிவிலோ இடம் இருந்தால் அதைக் கொடுத்துவிடும். இல்லையென்றால் இரண்டாம் வரி, மூன்றாம் வரி. முதல் பதினைந்து வரியும் கைகூடவில்லை என்பதற்காகப் பதினாறாம் வரியில் அவருடைய முறை ஒருவருக்கும் பின்னால் போவதில்லை, ஏனென்றால் அவருக்குப் பின்னால் இருக்கும் ஆளின் பட்டியலைக் கணினி இன்னும் தொட்டிருக்காது. ஆசைப்பட்டதை மேலே எழுதுவதற்கு அபராதம் இல்லை. பயந்து கீழே எழுதுவதற்குத்தான் அபராதம். அன்னூர் மாணவியின் முறை வரும்போது ஜி.சி.டி.யில் இடம் இருந்திருக்கலாம். கட்-ஆஃப் வருடத்துக்கு வருடம் ஏறி இறங்குவது எல்லோரும் அறிந்ததே. ஆனால் முதல் வரியிலேயே தனியார் கல்லூரி கிடைத்துவிட்டதால் மூன்றாம் வரியைக் கணினி படிக்கவே இல்லை.

அப்பாவின் பயம் அர்த்தமற்றது என்று சொல்லிவிடவும் முடியாது. அந்தப் பயம் நியாயமாக இருக்கக்கூடிய ஊர்கள் உலகத்தில் இருந்திருக்கின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் அரசுப் பள்ளி இடங்களை 2005 வரை வேறொரு விதியில் பங்கிட்டார்கள். ஒவ்வொரு பள்ளியும் தன்னை முதல் விருப்பமாக எழுதிய பிள்ளைகளுக்கு முதலில் இடம் கொடுத்துவிடும், மிச்சம் இருந்தால்தான் இரண்டாம் விருப்பமாக எழுதியவர்களுக்கு. எல்லோரும் ஆசைப்படும் பள்ளியை முதலில் எழுதித் தோற்ற பிள்ளைக்கு, இரண்டாவதாக எழுதிய பள்ளியிலும் இடம் தீர்ந்து போயிருக்கும். விவரமான பெற்றோர் கூடிப் பேசி, ஆசையை மறைத்துத் தந்திரமாக எழுதினார்கள். விவரம் இல்லாதவர்கள் உள்ளதை உள்ளபடி எழுதி ஏமாந்தார்கள். பொருளாதார அறிஞர்கள் இதை எடுத்துக்காட்டிய பிறகு நகரம் விதியை மாற்றியது. மாற்றத்துக்கு அடிப்படையாக இருந்தது டேவிட் கேல், லாயிட் ஷேப்லி இருவரும் 1962-இல் கல்லூரிச் சேர்க்கையையும் கல்யாணப் பொருத்தத்தையும் சேர்த்து எழுதிய ஒரு சிறிய கணிதக் கட்டுரை. ஷேப்லிக்கும், அந்தக் கணிதத்தைப் பள்ளிச் சேர்க்கைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத்துக்கும் 2012-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. கல்யாணப் பொருத்தத்துக்கு நம் ஊரில் இதைவிடப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது, அது வேறு விஷயம்.

ஆக, பாஸ்டன் பெற்றோருக்கு 2005-க்குப் பிறகு கிடைத்த நிம்மதி தமிழ்நாட்டுப் பெற்றோருக்குத் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. மனதில் உள்ளதை அப்படியே வரிசையாக எழுதுவதைவிடச் சிறந்த தந்திரம் இந்த முறையில் கிடையாது. இதை யாரும் உரக்கச் சொல்லாததால், இல்லாத ஆபத்துக்கு ஊர் முழுக்கத் தந்திரம் விற்கப்படுகிறது.

இரண்டாவது தவறு பட்டியல் நீளம். இத்தனைதான் எழுதலாம் என்று வரம்பு இல்லை, எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். இருந்தும் எட்டோ பத்தோ எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. “இதுல ஒண்ணு கிடைச்சா போதுங்க” என்பார்கள். பத்தும் தவறினால் அந்தச் சுற்றில் இடமே இல்லை. அண்மை ஆண்டுகளில் மூன்று சுற்றுதான் நடக்கிறது, அடுத்த சுற்றுக்கு இறங்கும்போது முன்னால் போனவர்கள் நல்லதையெல்லாம் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

குட்டையான பட்டியல் என்ன செய்யும் என்பதை அண்டை நாடு ஒன்று தேசிய அளவில் காட்டியிருக்கிறது. இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு மட்டும் வாக்களித்துவிட்டுப் போகலாம், 1, 2, 3 என்று மூவருக்கு வரிசைப்படுத்தவும் செய்யலாம். விருப்பு வாக்கு என்பார்கள் அங்கே. 2024 செப்டம்பர் 21 தேர்தலில் யாரும் பாதியைத் தாண்டாததால் அந்நாட்டு வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் எண்ணிக்கைக்குப் போனார்கள். முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் போட்டியிலிருந்து நீக்கப்பட்டு, அவர்களுக்கு விழுந்த வாக்குகளின் அடுத்த விருப்பம் எண்ணப்பட்டது. நீக்கப்பட்டவர்களில் ரணில் விக்ரமசிங்க ஒருவருக்கே 22 லட்சத்துக்கும் மேல் வாக்குகள். ஆனால் முதல் இருவரான அநுர குமார திசாநாயக்கவுக்கும் சஜித் பிரேமதாசவுக்கும் விருப்பு வாக்காகப் போய்ச் சேர்ந்தது மொத்தமே மூன்று லட்சத்தைத் தொடவில்லை. தங்கள் ஆள் தோற்றால் இருவரில் யார் பரவாயில்லை என்று லட்சக்கணக்கானவர்கள் சொல்லாமலே வாக்குச்சாவடியை விட்டு வந்திருந்தார்கள்.

நீளமாக எழுதச் சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு. கிடைத்தாலும் சேர மாட்டோம் என்று தெரிந்த கல்லூரியை எண்ணிக்கைக்காக எழுதக் கூடாது. கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு சேரலாம், ஏற்றுக்கொண்டே மேலே உள்ளதற்குக் காத்திருக்கலாம், மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம், ஒரேயடியாக விலகலாம். இவை போன்ற வழிகளில் ஒன்றை உறுதிசெய்யக் கொடுக்கும் நேரம் மிகக் குறைவு. அப்போது உட்கார்ந்து யோசிப்பதைவிட எழுதும்போதே யோசித்துவிடுவது நல்லது.

இதெல்லாம் வரிசை போடத் தெரியாததால் வரும் நட்டம். வரிசை போடும் உரிமையே கையில் இல்லாதவர்களின் கதை தனி. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் தாமஸ் ஹாப்சன் என்று ஒருவர் குதிரைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். 1631-இல் இறந்தார். லாயத்தில் எத்தனை குதிரை நின்றாலும் கதவுக்குப் பக்கத்தில் நிற்பதைத்தான் கொடுப்பார், பிடிக்காவிட்டால் நடந்து போக வேண்டியதுதான். நல்ல குதிரைகளை எல்லோரும் கேட்டுக் கேட்டுக் களைக்க வைத்துவிடுவார்கள் என்பது அவர் நியாயம். ஹாப்சன் சாய்ஸ் என்ற ஆங்கில வழக்கு அவரால் வந்தது. கொங்கு வீடுகளில் இதற்குப் பேர் வைக்கவில்லை, நடைமுறை மட்டும் உண்டு. “உன்ற சாய்ஸுதாங் கண்ணு. ஆனா ஹாஸ்டல் வேண்டாம். காலேஜ் பஸ் நம்ம ஊருக்கு வரோணும். மெக்கானிக்கல் பொண்ணுகளுக்கு ஆகாது.” மூன்று நிபந்தனைக்குப் பிறகு கதவருகே ஒரு குதிரைதான் நிற்கிறது. பையன்களுக்கு நிபந்தனை வேறு மாதிரி: கம்ப்யூட்டர் சயின்ஸ், இல்லாவிட்டால் அந்தப் பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொன்று. பம்புக்கும் வார்ப்பாலைக்கும் நூற்பாலை இயந்திரத்துக்கும் கிரைண்டருக்கும் பெயர் வாங்கிய ஊரில், அவற்றைச் செய்யக் கற்றுத்தரும் பாடப்பிரிவுகள் பல வீட்டுப் பட்டியல்களில் ஏறுவதே இல்லை. இதில் பெற்றோரை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. கடன் வாங்கிப் படிக்க வைக்கிறவர் சம்பளக் கணக்குப் பார்ப்பார்தான். நிபந்தனைகளை முதலிலேயே நேராகச் சொல்லிவிட்டு, மிச்சத்தை முழுசாகப் பிள்ளையிடம் விட்டால் போதும். சாய்ஸ் உன்னுடையது என்று சொல்லிவிட்டு வரிக்கு வரி கையைப் பிடிப்பதுதான் வம்பு.

இந்த விஷயத்தில் கோவைக்கு ஒரு விசித்திரமான முன்னோடி உண்டு. 1945-இல் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரிதான் இன்றைய ஜி.சி.டி. அதைக் கொண்டுவர முன்னின்ற கோவைத் தொழிலதிபர் ஜி.டி. நாயுடு, நான்கு வருடப் படிப்பு வீண், இரண்டு வருடம் போதும் என்று வாதாடி, அரசு ஒப்புக்கொள்ளாததால் பொறுப்பை விட்டு விலகினார் என்று ஊரில் சொல்வார்கள். அவர் சொன்னது சரியா தவறா என்று இன்றும் வாதாடலாம். எதை முதலில் வைப்பது, எதைக் கடைசியில் வைப்பது என்று அவரிடம் கேட்டிருந்தால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

பிரவுசிங் சென்டர்களை மூடச் சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கமில்லை. வீட்டில் கணினி இல்லாதவர்களுக்கு அவை செய்யும் உதவி பெரிது, பலர் பொறுமையாகவும் செய்கிறார்கள். ஆனால் பட்டியலைத் தட்டச்சு செய்வது வேறு, பட்டியலை முடிவு செய்வது வேறு. முதலாவதுக்குக் காசு கொடுக்கலாம். இரண்டாவதை விற்கும் ஆள் எந்தக் கல்லூரியிடமாவது கமிஷன் வாங்குகிறவராக இருந்தால் அது பட்டியலில் தெரியாது. பாஸ்வேர்டையும் அவர் கையில் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு என்ன சொல்வது? அரசு மாவட்டந்தோறும் நடத்தும் சேர்க்கை உதவி மையங்களில் இந்த வேலைக்குப் பணம் வாங்குவதில்லை என்பதையாவது சொல்லலாம்.

அரசு செய்ய வேண்டியதும் பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. விருப்பப் பட்டியல் எழுதும் பக்கத்தின் தலையில், கொட்டை எழுத்தில், தமிழில் ஒரே வரி போட வேண்டும்: நீங்கள் மேலே எழுதுவதால் கீழே எழுதியது கைவிட்டுப் போகாது. நான் முதல்வன் திட்டமும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகளும் 2022-இலிருந்து நடக்கின்றன. என்ன படிக்கலாம் என்று சொல்லும் அந்த மேடைகளில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, ஒரு பொய்ப் பட்டியலை எழுத வைத்து, போன வருடத்து இடங்களை வைத்து அது எங்கே போய் நிற்கிறது என்று பிள்ளைகளுக்கே காட்டலாம். ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் சென்டர் பையன் உதட்டைப் பிதுக்குவதற்கு மதிப்பு இருக்காது.

இது யாரைவிடவும் அதிகமாகத் தேவைப்படுவது அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. 2021-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு அவர்களுக்குப் பொறியியல் இடத்தோடு கட்டணத்தையும் அரசே கட்டும் ஏற்பாட்டைக் கொடுத்தது. அவர்களில் பலர் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் ஆட்கள். இந்தப் பட்டியலைப் பற்றிக் கேட்க அண்ணனோ அக்காவோ மாமாவோ இல்லாதவர்கள். அவர்கள் படித்த மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது, கணினி இருக்கிறது, இணையம் இருக்கிறது, ஆங்கிலப் படிவத்தைப் படித்துச் சொல்லக்கூடிய ஆசிரியரும் இருக்கிறார். விருப்பப் பட்டியல் எழுதும் அந்தச் சில நாட்களில் மட்டும், பள்ளி விட்ட பிறகும் இரவு எட்டு மணி வரை லேபைத் திறந்துவைக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். கூடுதல் நேரம் உட்காரும் ஆசிரியருக்கு அதற்கு ஈடாக விடுப்பும், கடைசிப் பேருந்து போய்விட்டால் பிள்ளையை வீடு சேர்க்க ஓர் ஆட்டோச் செலவும் அந்தச் சுற்றறிக்கையிலேயே இருக்க வேண்டும்.